வலது பக்கத்து சீட்

யுத்தம் முடிந்த இரண்டு மூன்று வருஷத்தில் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் மிலிட்டரி லாரிகள் திரிய ஆரம்பித்தன. என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். பட்டாளம் இனி வேண்டாம் என்று கழித்து ஏலம் விட்ட வண்டிகள். பாசிப் பச்சை நிறம், சப்பை மூக்கு, என் உயரத்துக்குச் சக்கரம். விறகுத்தொட்டிக்காரர்களும் மண்டிக்காரர்களும் ஆளுக்கொன்றாக எடுத்து ஓட்டினார்கள். தெருவில் அது வந்தால் வீட்டுக்குள்ளே பரணில் இருக்கும் பாத்திரம் அதிரும். அப்படி ஒரு வண்டி எங்களுடையதாகவும் இருந்தது. ஒரே ஒரு கோடையில் நான்கு முறை அதில் நானும் கிருஷ்ணகிரி வரைக்கும் போய் வந்தேன். இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். யுத்தத்தில் பர்மா பக்கம் லாரி ஓட்டியவர். திரும்பி வந்ததும் பட்டாளத்தில் கொடுத்ததையும் அம்மாவின் இரண்டு வளையல்களையும் போட்டு, மாமாவின் ஒத்தாசையோடு இந்த வண்டியை எடுத்தார். மாமா அம்மாவின் அண்ணன், ஹார்பரில் வேலை. அம்மாவுக்கு அதில் இஷ்டமே இல்லை. “உசுரோட திரும்பி வந்தது பத்தாதா? மறுபடி அதே வண்டி இன்னாத்துக்கு?” என்று கேட்டாள். நைனா தெருக்கோடியில் ரயில்வே மதிலை ஒட்டி வண்டியை நிறுத்திவிட்டு அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். கதவில் ஒரு வெள்ளை நட்சத்திரம் இருந்தது. மற்ற வண்டிக்காரர்கள் அதை மறைத்து பெயின்ட் அடித்துவிட்டார்கள். நைனா அடிக்கவில்லை.

எண்ணூர் உப்பளத்து உப்பு, கால்வாய் வழியாகப் படகில் வந்து இறங்கும். அதை மூட்டைகளாக ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரி போவார். வரும்போது, சீசனாக இருந்தால், மாம்பழம். சாக்கில் உப்பு ஊறி ஊறி வண்டி முழுக்க ஒரு கடல் வாசனை இருக்கும். திரும்பி வருகையில் மாம்பழத்தின் பாலும் வைக்கோலும் சேர்ந்து வேறொரு வாசனை. பெட்ரோல் நெடி இரண்டிலும் உண்டு.

அந்த வண்டியில் ஒரு சங்கடம் இருந்தது. அதைச் செய்த தேசத்தில் எல்லாரும் ரோட்டின் வலது பக்கமாகப் போகிறவர்கள். அதனால் ஸ்டியரிங் இடது பக்கம். நம் ஊரிலோ இடது ஓரமாகப் போக வேண்டும். முன்னால் ஒரு மாட்டு வண்டி போனால், அதற்கு அப்பால் எதிரே என்ன வருகிறது என்று இடது பக்கம் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்குத் தெரியாது. வலது பக்கத்து சீட்டில் ஒருவர் இருந்து, தலையை வெளியே நீட்டிப் பார்த்து, “போலாம்” என்றோ “வேணாம்” என்றோ சொல்ல வேண்டும். அதை ஒரு கிளீனர் செய்துகொண்டிருந்தார். அந்தக் கோடை ஆரம்பத்தில் அவருக்கு ஹார்பரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். எனக்கு ஒன்பது வயது, பள்ளிக்கூடம் லீவு.

“பாப்பாவ இட்டுகினு போறேன்” என்றார் நைனா. “அதுக்குப் பார்வ நல்லாக் கீது. சொன்னா கேக்கும்.”

“பொட்டப் புள்ளைய லாரியில ஏத்தினு போவாங்களா யாராச்சும்?” என்றாள் அம்மா.

“நாலு ஊரு பாக்கட்டுமே. வூட்லயே குந்திகினு இன்னா பண்ணப் போவுது?”

அம்மா ஒரு நாள் முழுக்க யோசித்தாள். மறுநாள் சாயங்காலம் எனக்குத் தலை பின்னும்போது, இழுத்துப் பின்னிக்கொண்டே காதோரம் சொன்னாள்: “நீ போய்ட்டு வா. ஆனா ஒண்ணு. வழியில நைனா எங்கயாச்சும் எறங்கி, யாருனாச்சும் வூட்டுக்குள்ள பூந்து வராரான்னு பாத்துகினே இரு. வந்து எங்கிட்ட மட்டும் சொல்லு.”

எனக்குப் புரிந்தது. மதுவிலக்கு வந்திருந்த சமயம், ஆனால் கள்ளச் சாராயம் எந்தச் சந்தில் கிடைக்கும் என்று எங்கள் பேட்டையில் குழந்தைக்குக்கூடத் தெரியும். நைனா குடிக்கிறார் என்று அம்மாவும் மாமாவும் முடிவு கட்டியிருந்தார்கள். இருட்ட ஆரம்பித்தால் வாசற்படி தடுக்கும். தண்ணீர்க் குடத்தை இரண்டு தரம் தட்டிவிட்டார். உப்புக் கிடங்கு கேட்டில் வண்டியின் வலது பக்கத்தை உரசிவிட்டு வந்தார். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. “பல்லு வலி” என்பார் நைனா. “பல்லு வலியாம். வாசன வராம இருக்க மெல்றான்” என்பார் மாமா.

ஆக, நான் நைனாவுக்கு ரோடு பார்க்கவும் அம்மாவுக்கு நைனாவைப் பார்க்கவும் வண்டி ஏறினேன்.

முதல் பயணம் கிளம்பியது விடியற்காலையில். சீட்டின் மேல் நான்கு சாக்கை மடித்துப் போட்டு என்னை அதன் மேல் உட்கார வைத்தார். அப்போதுதான் எனக்கு ரோடு தெரிந்தது. முன்னால் கித்தான் துணியில் செய்த ஒரு தண்ணீர்ப் பை தொங்கும். பட்டாளத்து சாமான். காற்றுப் பட்டுப் பட்டு அதில் தண்ணீர் சில்லென்று இருக்கும், லேசாகத் துணியின் ருசியோடு. அதற்குப் பிறகு நான் எத்தனையோ பானைத் தண்ணீரும் ஐஸ் தண்ணீரும் குடித்துவிட்டேன். அந்தச் சில்லிப்பு எதிலும் இல்லை.

பூந்தமல்லி தாண்டியதும் முதல் மாட்டு வண்டி முன்னால் வந்தது. அப்போதெல்லாம் ரோட்டில் தார் போட்ட பாகம் ஒரு வண்டி அகலம்தான், இரண்டு ஓரமும் மண். நைனா வேகத்தைக் குறைத்து, “இன்னா பாப்பா, போலாமா?” என்றார்.

நான் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். புளியமரங்களுக்கு நடுவே ரோடு வெறுமனே கிடந்தது. சொல்லப் பயமாக இருந்தது.

“சத்தமா சொல்லு. எஞ்சின் சத்தத்துல கேக்க மாட்டேங்குது.”

“போலாம்!” என்று கத்தினேன்.

அவ்வளவு பெரிய வண்டி என் ஒரு வார்த்தைக்கு உறுமிக்கொண்டு வலப்பக்கம் ஒதுங்கி முன்னால் பாய்ந்தது. மாட்டுவண்டிக்காரர் எங்களை அண்ணாந்து பார்த்தார். வகுப்பில் முதலாவதாக வந்தபோதுகூட எனக்கு அப்படி ஒரு பெருமை வந்ததில்லை.

ராணிப்பேட்டைக்கு முன்னால் ஒரு சின்ன ஊரில் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. தண்ணீர் கேட்கலாம் என்று நிறுத்தினோம். வண்டியையும் நட்சத்திரத்தையும் பார்த்த பெண்கள் குழந்தைகளை அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினார்கள். ஒரு கிழவர் தன் ஆட்டைக் கழுத்தோடு கட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் மறைந்தார். மிலிட்டரி வந்துவிட்டது, எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று பயம். நைனா நடுத்தெருவில் காலி டின்னோடு நின்று, “அம்மா, உப்பு வண்டிம்மா! கொஞ்சம் தண்ணி மட்டும் குடுங்கம்மா!” என்று கதவு கதவாகக் கெஞ்சினார். கடைசியில் நான் இறங்கிப் போய் ஒரு கதவைத் தட்டினேன். பாவாடை கட்டிய மிலிட்டரி உண்டா? கதவு திறந்தது. தண்ணீரோடு எனக்குக் கேழ்வரகு அடையும் கிடைத்தது. நைனா அன்றைக்குச் சிரித்த மாதிரி வீட்டில் சிரித்து நான் பார்த்ததில்லை.

ரோட்டில் அவர் வேறு மனிதர். பாலாற்றுப் பாலம் வந்தால் தூணுக்குத் தூண் எத்தனை கண் என்று என்னை எண்ணச் சொல்வார். ஏற்றத்துக்குக் கியர் மாற்றும்போது அந்தச் சத்தம் மாறும் இடத்தை முன்கூட்டியே வாயால் செய்து காட்டுவார். ஆனால் பொழுது சாய ஆரம்பித்தால் பேச்சு நின்றுவிடும். எந்த ஊர் பக்கத்தில் இருக்கிறதோ அங்கே வண்டியை ஓரம் கட்டிவிடுவார். மற்ற லாரிக்காரர்கள் வெயிலுக்கு பயந்து ராத்திரியில்தான் ஓட்டுவார்கள். ஒரு சாயங்காலம் ராணிப்பேட்டையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் சொன்னார்: “சண்டைக்குப் போன ஆளு, இருட்டக் கண்டா பயப்படுதுபா. புளியமரத்துப் பேயி புட்ச்சிக்குமாம்.” எல்லாரும் சிரித்தார்கள். நைனாவும் கூடச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

இரண்டாவது பயணத்தில்தான் அது நடந்தது. வாலாஜாவை நெருங்கும் நேரம், நீளமான நேர் ரோடு, எதிரே ஒன்றும் இல்லை. பொழுது போகவில்லை. நைனாவுக்கு வேடிக்கை காட்டலாம் என்று அவர் பக்கம் திரும்பி நாக்கை நீட்டினேன். அவர் நேரே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். இன்னும் நெருங்கிப் போய்க் கண்ணை உருட்டினேன். சிரிக்கவில்லை. கையை அவர் முகத்துக்குப் பக்கத்தில், வலது கண்ணுக்கு நேராக, ஆட்டினேன். இமைகூட அசையவில்லை.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. என் விரல் அவர் கன்னத்தில் பட்டது. திடுக்கிட்டுக் கோழி திரும்புகிற மாதிரி முழுத் தலையையும் திருப்பி என்னைப் பார்த்தார்.

“இன்னா பண்ற?”

“நைனா, இந்தக் கண்ணு ஒனக்குத் தெரியலியா?”

அவர் இன்னும் ஒரு மைல் ஓட்டியிருப்பார். பிறகு ஒரு மரத்தடியில் நிறுத்தி எஞ்சினை அணைத்தார்.

“ஒரு வருசமா மங்கிகினே வந்துச்சு. இப்ப சுத்தமா இல்ல” என்றார். “அடுத்தது நல்லாத் தெரியுது. பகல்ல ஒண்ணும் கஷ்டம் இல்ல. நீ அந்தாண்ட பாத்து சொல்ற, நான் இந்தாண்ட பாத்து ஓட்றேன். ஆனா லைசென்ஸ் குட்த்தவங்களுக்குத் தெரிஞ்சா புடுங்கிப்பாங்க. வண்டி போய்டும். யார்கிட்டயும் சொல்லாத. அம்மாகிட்ட கூட.”

நான் தலையாட்டினேன்.

வீடு திரும்பியதும் அம்மா கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டாள். “எங்கயும் போகலம்மா. டீ மட்டும்தான் குடிச்சாரு” என்றேன். அம்மா என் முகத்தையே பார்த்தாள். நான் எதையோ மறைக்கிறேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. எதை என்பது தெரியவில்லை. “உனக்கும் முட்டாயி வாங்கிக் குட்த்து வாய அடச்சிட்டாரா?” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்த வயதில் எனக்கு எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் இப்போது தோன்றுகிறது. அந்த வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்க வேண்டியதை என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான்காவது பயணம். கிருஷ்ணகிரியில் மாம்பழம் ஏற்றி, ஆம்பூர் தாண்டி, மாதனூரும் தாண்டி வேலூர்ப் பக்கம் வந்துகொண்டிருந்தோம். காலை பத்து மணி இருக்கும். மண்டிக்காரர் எனக்கென்று தனியாகக் கொடுத்த பழங்களில் ஒன்றைக் கடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தேன். சாறு வழிந்து புதுப் பாவாடையில் பெரிய கறை ஆகிவிட்டது. அம்மா என்ன சொல்வாளோ என்ற கவலையில் எச்சில் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் மூன்று வைக்கோல் வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

“போலாமா?” என்றார் நைனா.

நான் தலையைத் தூக்கவே இல்லை. “போலாம்” என்றேன்.

வண்டி வலப்பக்கம் ஏறியது. இரண்டாவது வைக்கோல் வண்டியை ஒட்டிப் போகும்போது யாரோ கத்தினார்கள். நிமிர்ந்தேன். எதிரே ஒற்றை மாட்டு வண்டி, கைக்கெட்டும் தூரத்தில். “நைனா!” என்று அலறினேன். அவர் பிரேக்கை மிதித்து இன்னும் வலது ஓரம் மண்ணில் இறக்கினார். எதிர்வண்டி மாடு மிரண்டு பள்ளத்துக்கு இழுத்தது. வண்டி குடை சாய்ந்தது. எங்கள் வண்டி ஒரு புளியமரத்தில் மூக்கை இடித்துக்கொண்டு நின்றது. பின்னால் மாம்பழங்கள் பொத்துப் பொத்தென்று ரோட்டில் விழும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டிக்காரர்தான் பள்ளத்தில் கிடந்தார். நைனா வயதைவிடப் பத்து வயது கூட இருக்கும். மெலிந்த ஆள். வலது கை முழங்கைக்குக் கீழே வேறு எங்கோ திரும்பியிருந்தது. வைக்கோல் வண்டிக்காரர்கள் ஓடிவந்து நைனாவின் சட்டையைப் பிடித்தார்கள்.

“குடிச்சிட்டா ஓட்டற? ஊதுடா வாய!”

நைனா ஊதினார்.

“கிராம்பு நாத்தம்! மறைக்கப் பாக்கறான்!” ஒருவர் அறைந்தார். நைனா கையைத் தூக்கவில்லை. “தப்பு என்னுதுதான்” என்றார். “மொதல்ல அவர ஆஸ்பத்திரிக்கு எட்த்தும் போறேன். அப்பால அடிங்க.”

நான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். நான்தான் பார்க்காமல் சொன்னேன் என்று வாய் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கையில் அந்த மாம்பழக் கொட்டையைப் பிடித்தபடியே இருந்தேன்.

“ஏம்பா, சண்டைய அப்புறம் வச்சிக்குங்க, கை போவுது” என்று பள்ளத்திலிருந்து அவரே முனகினார். மாட்டையும் வண்டியையும் ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அவரைத் தூக்கி வலது ஓரத்தில் உட்கார வைத்தார்கள். நான் நடுவில் ஆனேன். வேலூர் பதினைந்து மைல். மூக்கு நசுங்கியும் வண்டி கிளம்பியது.

பள்ளிகொண்டா வருவதற்குள் முன்னால் ஒரு பார வண்டி வந்தது. நைனா வேகத்தைக் குறைத்தார். கொஞ்ச தூரம் பின்னாலேயே போனார். பிறகு மெதுவாக, “பாப்பா, பாத்து சொல்லு” என்றார்.

எட்டிப் பார்த்தேன். ரோட்டில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றுதான் கண் சொன்னது. “வேணாம்” என்றேன்.

இன்னும் கொஞ்ச தூரம். “இப்ப?”

“வேணாம்.”

“இப்ப பாரு.”

“வேணாம் நைனா. வேணாம்.” அழ ஆரம்பித்துவிட்டேன். நைனா அதற்கு மேல் கேட்கவில்லை. பார வண்டி போகிற வேகத்தில் நாங்களும் ஊர்ந்தோம்.

வண்டிக்காரர் ஒடிந்த கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். “ரோடு காலியாத்தானே கெடக்குது? ஏன் தம்பி ஊந்துகிட்டுப் போற?” என்றார். அவர் திரும்பி நைனாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தாங்கியிருந்த நல்ல கையை எடுத்து நைனாவின் கண்ணெதிரே கொஞ்சம் நீட்டிக்கூடப் பார்த்தார் என்று நினைக்கிறேன், வலியால் முகம் சுளித்தது. தலையை வெளியே நீட்டினார்.

“போலாம், போ” என்றார்.

நைனா ஒதுங்கி முந்தினார்.

“நில்லு. பஸ் வருது... போயிடிச்சி. ம், இப்ப போ.”

வேலூர் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவர்தான் சொல்லிக்கொண்டு வந்தார். குழிகளில் வண்டி குலுங்கும்போதெல்லாம் ஒரு முனகல் வரும், அதன் பின்னாலேயே “போ” என்றோ “நில்லு” என்றோ வரும்.

கையை நேராக்கிக் கட்டுப் போட்டார்கள். ஒரு போலீஸ்காரர் வந்து விசாரித்தார். நைனா எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார். கட்டிலில் படுத்திருந்தவர் முந்திக்கொண்டு, “மாடு மெரண்டுகிச்சிங்க. இவரு நல்ல மனுசன், தூக்கிவந்து சேத்தாரு” என்றார். போலீஸ்காரர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

நைனா அவர் காலைத் தொடப் போனார். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

“ஒனக்கோசரம் சொல்லல தம்பி. இந்தப் புள்ள மொகத்தப் பாத்து சொன்னேன். ஒரு சொல்லுக்கு ஆயுசு பூரா அழும் அது. நீ ஊரு போய் சேரு. அதுக்கப்புறம் இந்த வண்டிய தொடாத.”

“சரி அண்ணாத்தே” என்றார் நைனா.

அன்று அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். பழங்கள் கனிந்து வண்டியைச் சுற்றி ஈ மொய்த்தது. வேலூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் நைனா ஒரு மாட்டு வண்டியைக்கூட முந்தவில்லை. என்னை ஒரு தரம்கூடக் கேட்கவுமில்லை. முன்னால் எது போனாலும் அதன் பின்னால் போனார், அது வேறு பாதையில் திரும்பும்வரை. வெளிச்சம் போவதற்குள் எங்கள் தெருக்கோடியில் வண்டி நின்றது. எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

எங்களுக்கு முன்னால் சேதி வந்து சேர்ந்திருந்தது. ராத்திரியில் ஓடும் லாரிக்காரர்கள் கொண்டுவந்திருப்பார்கள். வீட்டு முற்றத்தில் மாமா நின்றிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அண்டை வீட்டுத் தலைகள்.

“இன்னா மச்சான், ஊத்திகினு போய் மரத்துல வுட்டியாமே? ஒருத்தன் கைய ஒட்ச்சிட்டியாமே? கொயந்த உள்ள கீதுன்ற நெனப்புகூட இல்லியா ஒனக்கு?”

நைனா தலையைக் குனிந்தபடி, “ஆமா, தப்பு ஆயிடுச்சு” என்றார். குடிக்கவில்லை என்று சொல்லவில்லை. அதைச் சொன்னால் பின்னே ஏன் மோதினாய் என்று கேட்பார்கள். அதற்கு இரண்டு பதில்தான் உண்டு. ஒன்று அவர் கண், இன்னொன்று நான்.

“தோ பாரு, ஒத்துக்கறான். குடிகாரன்” என்றார் மாமா.

“நைனா குடிக்கல!” என்று கத்தினேன். “நைனாவுக்கு அந்தக் கண்ணு தெரியாது. நான்தான் பாத்து சொல்லுவேன். அன்னிக்கு நான் பாக்காமலே போலாம்னு சொல்லிட்டேன். நான்தான்.”

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். நேராக நைனாவின் வலது பக்கம் போய் நின்று, அறைகிற மாதிரி கையை ஓங்கி, அவர் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்தினாள். நைனா தலை குனிந்து நின்றுகொண்டிருந்தார். அவருக்குத் தெரியவே இல்லை. மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அம்மா கையை இறக்கினாள். இனி எல்லாம் சரியாகிவிடும், நைனாவை யாரும் திட்டமாட்டார்கள் என்று நான் நினைத்தேன்.

“குட்ச்சிருந்தாகூடப் பொறுத்துகினு இருந்திருப்பேன்யா” என்றாள் அம்மா. குரல் உயரவில்லை. “தெரிஞ்சே ஏத்திகினு போனியே. ஒம்போது வயசுக் கொயந்த தலமேல எத்தினி பேரு உசுர வெச்சிகினு ஓட்டியிருக்க.”

பிறகு என் கையைப் பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தலையில் தண்ணீர் ஊற்றி, முகத்திலும் கையிலும் காய்ந்திருந்த மாம்பழப் பாலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். வேவு பார்க்க என்னை ஏற்றி அனுப்பியது தானும்தான் என்று அப்போது அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அதைப் பற்றி அவள் கடைசிவரை பேசவில்லை. ஆனால் அன்றைக்கு என்னைக் கழுவி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

என்னைப் பொறுத்தவரை அப்போது அம்மாவின் மேல் கோபமாக இருந்தது. நைனாவைக் காப்பாற்றத்தானே உண்மையைச் சொன்னேன், அவள் இன்னும் பெரிய குற்றமாக ஆக்கிவிட்டாளே என்று. எனக்கே ஒரு குழந்தை பிறந்த பிறகுதான் அவள் சொன்னது விளங்கியது. அதற்காக நைனாவின் மேல் இருந்த பிரியமும் குறையவில்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

கண்ணாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வலது கண் போனது போனதுதான், இடது கண் நிற்கும் என்றார்கள். வண்டியை ஒரு மரவாடிக்காரர் வாங்கிக்கொண்டார். வாங்கிய அன்றே நட்சத்திரத்தின்மேல் பெயின்ட் அடித்துவிட்டார். நைனா திருவொற்றியூர் ஹை ரோட்டில் டியூப் ஒட்டும் கடை போட்டார். அந்த வேலைக்கு விரல்தான் முக்கியம், தண்ணீரில் டியூபை அமுக்கி எங்கே குமிழி வருகிறது என்று விரலாலேயே கண்டுபிடித்துவிடுவார். மாமா அந்த வழியாகப் போகும்போதெல்லாம் இறங்கிச் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டு போவார். மன்னிப்பு என்று எதுவும் கேட்டதாகத் தெரியாது. காற்று குறையாத சைக்கிளுக்கும் காற்று அடித்துக்கொள்வார், அவ்வளவுதான்.

ஆனால் அம்மா நைனாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சண்டை கிடையாது. சோறு போடுவாள், துணி துவைப்பாள். சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்வாள். “உங்க நைனாவுக்குச் சோறு ஆறுதுன்னு சொல்லு.” அவர் இரண்டடியில் உட்கார்ந்திருப்பார். நான் சொல்வேன். இப்படியே மாதங்கள் போயின.

மாசி மாதம் திருவொற்றியூர் கோயில் திருவிழாவுக்கு என்று அந்த வண்டிக்காரர் வந்தார். விசாரித்து விசாரித்து வீட்டையே கண்டுபிடித்துவிட்டார். கை கூடியிருந்தது, கொஞ்சம் கோணலாக. நைனா அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

“வண்டி எங்க?” என்றார் வந்தவர்.

“வித்துட்டேன் அண்ணாத்தே.”

“நல்லது” என்று சொல்லிவிட்டு என் தலையில் கையை வைத்தார், அந்தக் கோணல் கையை. நான் அதைப் பிடித்துப் பார்த்தேன். “மாடு ஓட்ட இது போதும் தாயி” என்றார்.

அம்மா அவருக்கு வஞ்சிர மீன் குழம்பு வைத்துப் பரிமாறினாள். சாப்பிட்டு முடித்ததும், தான் இதுவரை கடலைப் பார்த்ததே இல்லை என்று கூச்சத்தோடு சொன்னார். நான்கு பேரும் காசிமேட்டுப் பக்கம் நடந்தோம். வெயில் தாழ்ந்த நேரம். கட்டுமரங்கள் கரையேறிக் கிடந்தன. வழி நெடுக அவர் நைனாவின் வலது பக்கமாகவே நடந்து வந்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

தண்ணீரைக் கண்டதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு, “இதுக்கு அந்தாண்ட என்ன இருக்குது?” என்று கேட்டார்.

“அந்தாண்டதான் சண்டையில நான் இருந்தேன்” என்றார் நைனா.

“கண்ணு அங்கதான் போச்சா? குண்டா?”

நைனா எங்களிடம் ஒருநாளும் சொல்லாததை அவரிடம் சொன்னார். “குண்டும் இல்ல ஒண்ணும் இல்ல அண்ணாத்தே. தார்ப்பாய் கட்டிகினு இருந்தேன். கயிறு அறுந்து மூஞ்சில அட்ச்சிது. ரெண்டு நாளு செவந்திருந்துச்சு, செரியாப் போச்சு. வூட்டுக்கு வந்தப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா இருட்டிகினு வந்துச்சு. குண்டு பட்டா வெளிய சொல்லிக்கலாம். சண்டைக்குப் போய் கயிறு பட்டுதுன்னு யார்கிட்ட சொல்றது?”

வந்தவர் அவரைப் பார்த்தார். “வைக்கோலு வண்டிக்கு எதிர வந்து பள்ளத்துல வுழுந்தேன்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறேன். எனக்கு மட்டும் என்ன பெருமையா?” என்றார்.

நைனா சிரித்தார். அவரும் சிரித்தார். இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, தோள் குலுங்க, நிறுத்தமுடியாமல் சிரித்தார்கள்.

நானும் அம்மாவும் இரண்டடி பின்னால் நின்றிருந்தோம். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வலது பக்கமிருந்து ஓர் அலை மணலை ஏறி வந்துகொண்டிருந்தது. நைனா அதைப் பார்க்கவில்லை. அம்மா என் பக்கம் திரும்பினாள், வழக்கம்போல என்னிடம் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. முன்னால் போய் நைனாவின் முழங்கையைப் பிடித்தாள்.

“அல வருது” என்றாள் அவரிடம். “இப்பால வா.”